பேரப்பிள்ளைகள் வரும் இளவேனில்: முதன்முறை அழைக்கும் தாத்தா, ஆச்சிமாருக்கு

பெற்றோர் துணையில்லாமல் பேரப்பிள்ளைகளை முதன்முறையாக இரண்டு, மூன்று வாரங்கள் ஊருக்கு அழைத்து வைத்துக்கொள்ளப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் திருநெல்வேலிச் சீமைக்காரி என்பதால் இதில் வரும் விளைச்சலும் ஊர்களும் இந்தப் பக்கத்தைச் சேர்ந்தவை. என் பேத்திக்கு 9 வயது, பேரனுக்கு 6 வயது. இருவரும் சென்னையில் நான்காவது மாடியில் வளர்பவர்கள்.

அவர்கள் முதன்முறை வந்தபோது நான் செய்த தவறை முதலில் சொல்லிவிடுகிறேன். பத்து நாட்களுக்கு ஏழு ஊர்கள் என்று பட்டியல் போட்டு, வாடகைக் கார் பேசி, மூன்றாம் நாளே மலைப்பாதையில் பையன் வாந்தி எடுக்க, நான்காம் நாள் ஒரு பண்ணைச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டிக் கூட்டிச் சென்றேன். கூண்டில் இருந்த முயலுக்குக் கீரை கொடுத்தார்கள், மாட்டு வண்டியில் ஏறி இறங்கினார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள், பதினொரு மணிக்கு "அடுத்து எங்கே ஆச்சி?" என்று கேட்டார்கள். அன்று மாலை பக்கத்து வீட்டில் புளி உடைத்துக்கொண்டிருந்த திண்ணையில் போய் உட்கார்ந்தவர்கள் இருட்டும் வரை எழுந்திருக்கவில்லை. அந்தத் திண்ணையைப் பார்த்த பிறகுதான், ஊரில் அந்தப் பருவத்தில் நடக்கிற வேலையை ஒட்டியே நாட்களை அமைக்க வேண்டும் என்று எனக்குப் புரிந்தது.

நாட்களைக் குறித்தல்

சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்பது நூல் வழக்கு. பிள்ளைகளை வெளியே கூட்டிச் செல்வதற்கு ஏற்ற இளவேனில் எங்கள் பக்கத்தில் அவ்வளவு நீளமில்லை. அக்கினி நட்சத்திரம் பெரும்பாலும் மே 4 அளவில் தொடங்கி மே 28 அளவில் முடிகிறது. ஆகவே பள்ளி விட்ட நாளிலிருந்து மே முதல் வாரத்துக்குள் வெளிப்பயணங்களை முடித்துக்கொண்டு, கத்திரி வெயிலில் வீட்டுக்குள் செய்யக்கூடிய கைவேலைகளை வைத்துக்கொள்வது நல்லது. தேர்வு முன்னதாக முடியும் பள்ளியாக இருந்தால் சித்திரை முதல் நாளுக்கு, அதாவது ஏப்ரல் 14க்கு, நாலைந்து நாள் முன்பே வரவழையுங்கள். வேம்பு பூத்திருக்கும். இரவே மரத்தடியில் பழைய வேட்டியை விரித்து வைத்துவிட்டால், விடிந்ததும் உதிர்ந்த பூவைப் பொறுக்கிக் காம்பு நீக்கி உலர்த்தும் வேலை பிள்ளைகளுடையது. புத்தாண்டன்று பச்சடியில் போட்ட வேப்பம்பூவைத் தாங்களே பொறுக்கியது என்பதற்காக முகம் சுளிக்காமல் தின்பார்கள். குறைந்தது முதல் கரண்டியை.

ஒரு நாளின் கணக்கும் எளிது. காலை ஆறு முதல் ஒன்பதரை வரையும், மாலை நாலரைக்குப் பிறகும் வெளியே. இடைப்பட்ட நேரம் கூரைக்குக் கீழே. ஒரு நாளைக்கு ஒரு காரியம் போதும். இரண்டாவதைச் சேர்த்தால் இரண்டுமே அரைகுறையாக நிற்கும்.

வருவதற்கு முன்

பெற்றோரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டியவை சில உண்டு: ஒவ்வாமை உள்ள உணவு எது, தொடர்ந்து எடுக்கும் மருந்து எது, கடைசியாகப் போட்ட தடுப்பூசி எப்போது, காய்ச்சல் வந்தால் எந்த மருந்து, எந்த அளவு. நிலக்கடலை சேராத பிள்ளைகள் இருக்கிறார்கள். அப்படியானால் கீழே நான் சொல்லும் கடலைக் காட்டுக்கு அழைத்துச் செல்லவே வேண்டாம். கிணற்றுக்குக் கம்பி மூடியும் மாடிக் கைப்பிடிச் சுவரும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். காலை மூடும் செருப்பு, தொப்பி, பழைய பருத்தி உடுப்பு ஆகியவற்றைக் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள். புத்தாடையோடு வந்த பிள்ளை மண்ணில் உட்காரத் தயங்கும்.

முதல் மூன்று நாட்கள்: புளியும் வற்றலும்

பயணக் களைப்புத் தீரும் வரை எங்கும் செல்லாதீர்கள். புளி அறுவடை முடிந்து, வீடுகளில் உடைக்கும் காலம் இது. ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுப்பதில் அரிவாள்மணை பெரியவர்களிடம்தான் இருக்க வேண்டும். ஓடு தட்டுவதற்குச் சிறு கல் ஒன்றைப் பிள்ளைகளிடம் கொடுக்கலாம். கொட்டையைக் கழுவி உலர்த்திவிட்டால் விடுமுறை முழுவதற்கும் விளையாட்டுச் சாமான் கிடைத்துவிடும். பல்லாங்குழிக்குப் பலகை தேடி அலைய வேண்டியதில்லை; தோட்டத்து ஈர மண்ணில் வரிசைக்கு ஏழாக இரண்டு வரிசை, மொத்தம் 14 குழிகள் தோண்டி, குழிக்கு ஐந்தாக 70 கொட்டைகள் போட்டால் ஆட்டத்தைத் தொடங்கலாம். கொட்டையின் ஒரு பக்கத்தைச் சிமெண்டுத் தரையில் வெள்ளை தெரியும் வரை தேய்த்தால் தாயம் ஆடலாம். தேய்க்கும்போது கொட்டை சுடும் என்பதை ஒரு பிள்ளை கண்டுபிடித்து, மறுபிள்ளையின் கையில் வைத்துப் பார்க்கும். அந்தச் சண்டையை நீங்கள் தீர்க்க வேண்டியிருக்கும். அழகாக இருக்கிறதென்று குன்றிமணியை மட்டும் விளையாட்டுக்கு எடுக்காதீர்கள். அதைக் கடித்து மென்றால் கொடிய நஞ்சு.

கூழ்வற்றல் போடுவதற்கு முதல் நாள் இரவே மாவைக் கரைத்து வைத்து, விடியுமுன் கூழ் கிண்டி ஆறவிட வேண்டும். உப்பைச் சற்றுக் குறைத்தே போடுங்கள். காயக் காய உப்புக் கூடித் தெரியும். சூடான கூழின் பக்கம் பிள்ளைகள் வரக்கூடாது. ஆறியதும் ஆளுக்கொரு கரண்டி கொடுத்து, நனைத்துப் பிழிந்த வேட்டியை மொட்டை மாடியில் விரித்து, ஏழு மணிக்குள் இட்டு முடித்துவிடுங்கள். பெரியவள் வரிசையாக இடுவாள். சின்னவன் இடுவது யானை போலவும் இலங்கை போலவும் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும், எண்ணெயில் எல்லாம் ஒன்றுபோலவே பொரியும். பிறகு காக்கை விரட்டும் காவல் இருக்கிறது. குடையும் தண்ணீர்ச் செம்புமாக நிழல் பக்கம் உட்காரவைத்து, அரை மணிக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள். வெயில் ஏறியதும் கறுப்புத் துணி ஒன்றைக் குச்சியில் கட்டிக் காவலுக்கு நிறுத்திவிட்டுப் பிள்ளைகளைக் கீழே அழைத்துக்கொள்ளுங்கள். மாலையில் வேட்டியைத் திருப்பிப் பின்புறம் தண்ணீர் தெளித்தால் வற்றல் கிழியாமல் உரிந்து வரும்.

ஓலைக் காற்றாடி

கைவேலைகளில் நான் முதலில் சொல்லிக்கொடுப்பது பனையோலைக் காற்றாடி. பத்து நிமிடத்தில் முடியும், உடனே ஓடிப் பார்க்கலாம். முற்றிய ஓலையான சாரோலை விறைப்பாக இருக்கும் என்பதால் பனையேறுபவரிடம் குருத்தோலை ஒன்று கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் சாரோலையை இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைத்து, ஈரத்துணியில் சுற்றி வைத்துப் பயன்படுத்தலாம். ஓலையை மட்டையிலிருந்து பிரிப்பது உங்கள் வேலை. மட்டையின் இரு ஓரத்திலும் உள்ள கருக்கு, வாள்பல் போலக் கையை அறுத்துவிடும்.

1. ஈர்க்கை நீக்கிய ஓலையில் ஒரு சாண் நீளமும் இரண்டு விரல் அகலமும் உள்ள இரண்டு துண்டுகளை நறுக்குங்கள். இரண்டும் ஒரே நீளமாக இருக்க வேண்டும். நீளம் மாறினால் கனமான பக்கம் கீழே தொங்கி நின்றுவிடும்.

2. ஒவ்வொரு துண்டையும் மடித்து நடுவைக் கண்டுபிடித்து, நகத்தால் அடையாளம் இடச் சொல்லுங்கள். இரண்டையும் கூட்டல் குறிபோல ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள்.

3. உடைமரத்து முள்ளால் நடுவில் குத்தி, அந்தத் துளையிலேயே முள்ளை நாலைந்து முறை சுழற்றித் துளையைப் பெரிதாக்குங்கள். பெரும்பாலான காற்றாடிகள் சுற்றாமல் நிற்பதற்கு இந்த இடம்தான் காரணம். முள்ளில் ஓலை இறுகி இருக்கக்கூடாது, ஆடவேண்டும்.

4. நான்கு இதழ்களிலும் ஒரே பக்க விளிம்பைப் பின்னோக்கிச் சற்றே முறுக்குங்கள். நடுவிலிருந்து முனையைப் பார்க்கும்போது எல்லா இதழ்களிலும் வலப்புற விளிம்பு பின்னே சாய்ந்திருந்தால் சரி. ஓர் இதழ் மாறிச் சாய்ந்தாலும் மற்ற மூன்றின் வேலையை அது கெடுக்கும்.

5. முள்ளைக் காய்ந்த சோளத்தட்டையின் நுனியில் பக்கவாட்டில் குத்தி நிறுத்துங்கள். மறுபக்கம் முள்முனை நீட்டிக்கொண்டிருந்தால் நறுக்கிவிடுங்கள்.

என் பேரன் செய்த முதல் காற்றாடி சுற்றவில்லை. நானே திருத்திக் கொடுக்கக் கை பரபரத்தாலும், "ஊதிப் பாரு, எந்த இதழ் அசையலன்னு சொல்லு" என்று மட்டும் கேட்டேன். மூன்றாவது இதழ் எதிர்ப்பக்கம் முறுகியிருப்பதை அவனே கண்டான். அதன்பின் தெருவில் யாருடைய காற்றாடி நின்றாலும் மருத்துவர் அவன்தான்.

நறுக்கியது போக மிஞ்சிய ஓலையை ஒன்றுவிட்டு ஒன்று கோத்துச் சிறு சதுரப் பாய் முடையலாம். இதை வேண்டுமென்றே பின்னால் வரும் பத்தமடைப் பயணத்துக்கு முந்தைய நாள் செய்யவையுங்கள்.

மண்வேலை பற்றிச் சுருக்கமாக. குளத்துக் கரம்பை மண்ணைக் கல் பொறுக்கி, இரவு ஊறவைத்துப் பிசைந்தால் மாடும் அடுப்பும் செய்யலாம். காய்வது நிழலில்தான், அதுவும் இரண்டு மூன்று நாள் பொறுமையாக. சீக்கிரம் காயட்டும் என்று நான் ஒருமுறை மாடியில் வைத்துவிட்டேன். உச்சிப் பொழுதுக்குள் மாட்டின் கழுத்து வெடித்துத் தலை தனியாகிவிட்டது. பேத்தி அன்று சோறு உண்ணவில்லை.

கடலைக் காடும் ஆட்டுக் கிடையும்

மார்கழிப் பட்டத்தில் விதைத்த இறவைக் கடலை சித்திரையில் பறிப்புக்கு வரும். உறவிலோ பழக்கத்திலோ இருக்கும் விவசாயி ஒருவரிடம் முன்கூட்டியே கேட்டு, அவர் சொல்லும் நாளில் செல்லுங்கள். நமக்கு வசதியான நாளை அவரிடம் கேட்காதீர்கள். பறிப்பு விடியலிலேயே தொடங்கிவிடும் என்பதால் ஆறரைக்குள் வரப்பில் நிற்க வேண்டும். டிராக்டர் ஓடும் பக்கம் செல்லக்கூடாது என்பதை வண்டியிலிருந்து இறங்குமுன்பே சொல்லிவிடுங்கள்.

செடியின் அடியைப் பிடித்து ஆட்டி, நேர் மேலாக இழுக்கச் சொல்லுங்கள். மண் உதிர்ந்ததும் உடனே காயை ஆய விடாமல், பூ இருந்த கணுவிலிருந்து கீழே இறங்கும் விழுதைக் காட்டுங்கள். பூப்பது மண்ணுக்கு மேலே, காய்ப்பது மண்ணுக்கு உள்ளே; பூ வாடிய பிறகு அந்த விழுது மண்ணைத் துளைத்து இறங்கி, அதன் நுனி பருத்துக் காயாகிறது. ஒரே செடியில் வெறும் விழுது, பிஞ்சு, முற்றிய காய் என எல்லாப் பருவமும் இருக்கும். பேத்தி ஒரு செடியில் காயை எண்ணி, அடுத்த செடியில் எண்ணி, வீடு திரும்பும்போது ஒரு நோட்டில் இருபது எண்கள் வைத்திருந்தாள். யாரும் அவளிடம் கணக்குப் போடச் சொல்லவில்லை.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. கடலை ஆயும் பெண்களுக்கு ஆய்ந்த அளவைப் பொறுத்துக் கூலி கொடுப்பது பல இடங்களில் வழக்கம். நம் பிள்ளைகள் அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து வேடிக்கை பேசினால் அவர்களுடைய கூலியில் துண்டு விழும். பிள்ளைகள் ஆய்ந்ததை யார் பக்கத்தில் உட்கார்ந்தார்களோ அவருடைய குவியலிலேயே சேர்த்துவிடச் சொல்லுங்கள். வீட்டுக்கு வேண்டியதை விவசாயியிடம் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அன்று மாலையே உப்புப் போட்டு அவித்தால்தான் பச்சைக்கடலையின் ருசி தெரியும்.

பிசானம் என்னும் பருவத்து நெல்லை அறுத்த வயல்கள் இக்காலத்தில் தரிசாகக் கிடக்கும். அங்கே ஆட்டுக் கிடை போடுவார்கள், அதாவது மந்தையை இரவில் வயலிலேயே அடைத்து வைப்பார்கள். ஆட்டின் புழுக்கையும் மூத்திரமும் அடுத்த பயிருக்கு உரமாகும் என்பதால் நிலத்துக்காரர்கள் கிடைக்காரர்களுக்குப் பணமோ நெல்லோ கொடுப்பதுண்டு. மாலை ஐந்தரை அளவில், மேய்ச்சலிலிருந்து மந்தை திரும்பும் நேரத்துக்குச் சென்றால், பகலெல்லாம் பெரிய கூடைக்குள் கவிழ்த்து வைத்திருந்த குட்டிகளைத் திறந்துவிடுவதைக் காணலாம். அத்தனை ஆடுகளுக்கு நடுவே ஒவ்வொரு குட்டியும் கத்திக்கொண்டே ஓடித் தன் தாயிடம் போய் முட்டும். குட்டியைத் தூக்குவதானால் மந்தைக்குத் தலைவரான கீதாரியிடம் கேட்டே தூக்க வேண்டும். காவல் நாய்களிடம் நெருங்கக்கூடாது. கைகழுவ ஒரு சோப்பும் தண்ணீரும் உங்களோடு இருக்கட்டும்.

பனங்காட்டில் ஒரு காலை

திருச்செந்தூர், உடன்குடி வட்டாரத்துத் தேரிப் பகுதிக்கு, அதாவது செம்மணல் மேடுகள் உள்ள பக்கத்துக்குச் செல்ல வாய்ப்புள்ளவர்கள் இதை விடாதீர்கள். பதநீர்க் காலம் இது. பனையேறுபவர் விடியற்காலையில் இறக்குவதை ஏழு மணிக்குள் சென்றால் ஓலைப்பட்டையில் வாங்கிக் குடிக்கலாம். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அது இல்லாவிட்டால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும். முதல் நாளில் அரை டம்ளருக்கு மேல் வேண்டாம். பதநீரைக் காய்ச்சிப் பாகாக்கி, சிரட்டையில் ஊற்றி ஆறவிட்டுக் கருப்பட்டி எடுப்பதை அடுப்புக்குச் சற்று எட்ட நின்று பார்க்கவையுங்கள். உடன்குடிக் கருப்பட்டி 2023இல் புவிசார் குறியீடு பெற்றது.

நுங்கு வெட்டுபவரிடம் வாங்கும்போது ஓட்டைச் சிதைக்காமல் தலையை மட்டும் சீவித் தரக் கேளுங்கள். கட்டைவிரலால் குடைந்து உறிஞ்சிய பிறகு, பருமன் ஒத்த இரண்டு ஓடுகளை ஒரு சாண் குச்சியின் இரு முனையிலும் குத்திச் சக்கரமாக்கி, கவையுள்ள நீளக் கம்பால் நடுக்குச்சியைத் தள்ளினால் நுங்கு வண்டி ஓடும். தார்ச்சாலையைவிடச் செம்மண் தரையில் நன்றாக ஓடும். இரண்டு நாளில் ஓடு சுருங்கிவிடும், அதற்குள் அடுத்த நுங்கு வாங்க வேண்டும்.

ரயிலில் ஒரு நாள்

பயணம் என்று ஒன்று வேண்டுமென்றால் கார் பேசாமல், திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டை செல்லும் பயணிகள் ரயிலில் ஏறுங்கள். சேரன்மகாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று நின்று நின்று செல்லும். மேற்கு மலை சிறிது சிறிதாக நெருங்கி வரும். சேரன்மகாதேவியில் இறங்கினால் பத்தமடை அருகில்தான். அங்கே கோரைப்பாய் நெய்யும் வீட்டுக்கு முன்கூட்டிச் சொல்லிச் சென்றால் தறியில் நெய்வதைப் பார்க்கலாம். புடவைபோல மடிக்கக்கூடிய அந்த மெல்லிய பாயைத் தொட்டதும், முந்தைய நாள் தான் முடைந்த ஓலைச் சதுரத்தின் ஓட்டைகளை நினைத்துக்கொண்டு பேத்தி என்னை ஒரு பார்வை பார்த்தாள். காருகுறிச்சியில் மண்பாண்டம் வனைகிறார்கள். அம்பாசமுத்திரத்தில் மரத்தில் கடைந்து வண்ணம் ஏற்றிய சொப்புச் சாமான்கள் கிடைக்கும். அடுப்பு, அம்மி, ஆட்டுக்கல், குடம் என்று ஒரு வீட்டுச் சமையலறை முழுவதும் உள்ளங்கையில் அடங்கும். மூன்றையும் ஒரே நாளில் பார்க்க ஆசைப்படாதீர்கள். ஒரு கைவினை, ஓர் ஓட்டல் சாப்பாடு, மாலை ரயில்.

சின்னப் பிள்ளைகளுக்குக் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் ஒத்துவரும். நாங்குநேரிப் பக்கம் உள்ள அந்த ஊரில் கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் வீட்டு மரங்களிலேயே கூடு கட்டுகின்றன, ஊர்க்காரர்கள் அவற்றைக் காத்து வருகிறார்கள். சித்திரையில் கூட்டில் குஞ்சுகள் இருக்கும். சத்தம் போடாமல் இருப்பது பற்றிப் புறப்படும் முன்பே பேசிவிடுங்கள். குற்றாலத்தை இப்போது நினைக்க வேண்டாம், சாரல் ஜூனில்தான். தாமிரபரணியில் குளிப்பதானால் ஊர்க்காரர்கள் குளிக்கும் படித்துறையில், கைக்கெட்டும் தூரத்தில் நீங்கள் நின்றால் மட்டுமே பிள்ளைகளை இறக்குங்கள். ஆற்றுக்குள் மணல் அள்ளிய குழிகள் மேலிருந்து பார்த்தால் தெரியாது. ஊட்டி, கொடைக்கானல் போக நினைப்பவர்கள், 2024 மே முதல் அங்கே வெளி வாகனங்களுக்கு இ-பாஸ் வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

ஏதாவது நேர்ந்தால்

தலைவலி, குமட்டல், தோல் சுடுவது ஆகியவை தெரிந்தால் நிழலுக்குக் கொண்டுவந்து, உடம்பை ஈரத்துணியால் துடைத்து, உப்பு சர்க்கரைக் கரைசலைச் சிறிது சிறிதாகக் கொடுங்கள்; பிதற்றினாலோ மயங்கினாலோ வாயில் எதுவும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள். நாய் பிறாண்டியிருந்தால்கூடக் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்று ஊசி போடுங்கள். மஞ்சள் தூளை வைத்துக் கட்டிக்கொண்டு காத்திருக்காதீர்கள். எது நடந்தாலும் பெற்றோருக்கு அன்றே சொல்லிவிடுங்கள். மறைத்து, பின்னால் பிள்ளை வாயிலிருந்து அது வெளிவந்தால், அடுத்த ஆண்டு அனுப்பமாட்டார்கள்.

திரும்பும் நாள்

மூட்டையைக் கடைசி இரவில் கட்டாமல் இரண்டு நாள் முன்பே தொடங்குங்கள், ஏனென்றால் பிள்ளைகள் எடுத்துச் செல்ல நினைப்பது நாம் நினைப்பதாக இருக்காது. மண் மாட்டை நெல் உமி நிறைத்த டப்பாவில் அமிழ்த்தி வைத்தால் கொம்பு உடையாமல் போய்ச் சேரும். வற்றலைக் காற்றுப் புகாத தகர டப்பாவில் போட்டு, யார் இட்டது என்று மேலே எழுதி ஒட்டுங்கள். புளியங்கொட்டை 70 சரியாக இருக்கிறதா என்று எண்ணிக் கட்டுங்கள். ஒன்று குறைந்தாலும் தொலைபேசி வரும். காற்றாடியில் முள்ளை உருவி இங்கேயே போட்டுவிட்டு, ஓலையை மட்டும் புத்தகத்துக்குள் வைத்துக் கொடுங்கள். நான்காவது மாடியில் உடைமுள் கிடைக்காது, குண்டூசி போதும். துளையை மட்டும் மறுபடி ஒருமுறை தளர்த்திக்கொள்ளச் சொல்லுங்கள்.